பாசி வைத்த முடிச்சு மோதிரம்: பட்டையா, வரியா, வளையமா?

நூலில் முடிச்சு போட்டுக் கைப்பட்டை பின்னிப் பின்னிக் கை தேறியவர்கள்கூட மோதிரம் என்று வந்தால் திணறுகிறார்கள். நானும் திணறினேன். கைப்பட்டையில் நூல் முனைகளைத் தொங்கவிட்டு, இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். முனை நீண்டிருந்தால் அதுவே ஓர் அழகு. மோதிரத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஐந்தரை சென்டிமீட்டர் சுற்றளவுக்குள் பாசியை, அதாவது மணியை, உட்கார வைத்து, எல்லா முனைகளையும் எங்கேயாவது ஒளித்தாக வேண்டும். ஒளித்த இடம் விரலைக் குத்தவும் கூடாது. அதனால் இங்கே எது அழகு என்பதைவிட, எந்த முறையில் முனை குறைவு என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

நான் இருப்பது மார்த்தாண்டம் பக்கம். நூல் தீர்ந்தால் குழித்துறையில் ரயில் ஏறி, திருவனந்தபுரத்தில் 'சாலை' என்ற கடைவீதிக்குப் போய்விடுவேன். ஓணம் நெருங்கும்போது அந்தப் பக்கத்துத் தோழிகள் கசவுச் சேலைக்குப் பொருத்தமாகப் பால்வெள்ளையும் பொன்னுமாக மோதிரம் கேட்பார்கள். பட்டை, வரி, வளையம் என்ற இந்த மூன்று முறைகளும் அப்படிப் போட்டுப் பார்த்து, பிரித்துப் பார்த்து, சிலதைத் தூக்கியெறிந்து பழகியவை.

முதலில் ஸ்கொயர் நாட் பட்டை. நடுவில் அசையாத உள்நூல், அதன்மேல் இருபுறமும் முடிச்சாக ஓடுகிற ஓட்டுநூல். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றிப் போட்டால் பட்டை தட்டையாக வரும். மறந்துபோய் ஒரே பக்கமாகவே போட்டுக்கொண்டிருந்தால் திருகாணிபோலச் சுழலத் தொடங்கும். பலர் இதைத் தவறு என்று பிரிப்பார்கள். சுழலும் பட்டையும் மோதிரத்துக்கு நன்றாகவே இருக்கும், அது வேறு விஷயம்.

பெரும்பாலோர் பட்டையை நேராகப் பின்னிவிட்டுக் கடைசியில் இரண்டு தலைப்பையும் சேர்ப்பார்கள். அங்கேதான் எட்டு முனை வந்து நிற்கும். நான் செய்வது வேறு. அரை மீட்டர் உள்நூலைப் பாசிக்குள் விட்டு, ஒரு குச்சியைச் சுற்றிக் கொண்டுவந்து, அதே திசையில் மறுபடி பாசிக்குள் நுழைக்கிறேன். இப்போது வளையம் தயார், பாசிக்குள் மட்டும் இரட்டை இழை. பாசிக்கு இந்தப் பக்கம் ஒரு வால், அந்தப் பக்கம் ஒரு வால். ஒரு மீட்டர் ஓட்டுநூலின் நடுவைப் பாசிக்கு ஒட்டினாற்போல் வைத்து முடிச்சைத் தொடங்கினால், முதல் வால் ஆரம்ப முடிச்சுகளுக்குள்ளேயே போய்விடும். சுற்றி வந்து பாசியின் மறுபக்கத்தை நெருங்கும்போது இரண்டாவது வாலும் உள்ளே போய்விடும். அது முழுக்க மறையும்வரை இழுத்து அளவைச் சரிசெய்துகொள்ளலாம். மிச்சம் இரண்டே முனை, அதுவும் பாசியின் அடியில்.

அளவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இது தெரியாமல் நான் செய்த முதல் நான்கும் சுண்டுவிரலுக்குத்தான் போயின. 17 மில்லிமீட்டர் விட்டமுள்ள குச்சியில் உள்நூலைச் சுற்றினால் மோதிரமும் 17 இருக்கும் என்று நினைப்போம். ஆனால் ஓட்டுநூல் உள்பக்கமாகவும் சுற்றுகிறதே! நூல் 0.8 மில்லிமீட்டர் என்றால் இரு பக்கமும் சேர்த்து 1.6 குறையும்; சுற்றளவில் 5 மில்லிமீட்டர் போய்விடும். குச்சியின்மேல் காகிதத்தைச் சுற்றி அந்த அளவுக்குத் தடிமனாக்கிக்கொண்டால் தீர்ந்தது. விரலை அளப்பதும் சாயங்காலமாக இருக்கட்டும். காலையில் சரியாக இருந்த மோதிரம், அடுக்களை வேலை முடித்த விரலில் இறுக்கும்.

இந்த முறைக்கு ஒரே குறை, பாசியின் துளை. 0.8 நூல் இரண்டு இழை போக 1.7 மில்லிமீட்டராவது வேண்டும். முத்தின் துளை பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. முத்துதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் இந்த முறையை விட்டுவிட வேண்டியதுதான்.

அப்போது கைகொடுப்பது வரி முறை. டபுள் ஹாஃப் ஹிட்ச் என்று சொல்வது. ஒரு நூலைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, மற்ற ஒவ்வொரு நூலாலும் அதன்மேல் இரண்டு சுற்று போட்டு இறுக்கினால் வரப்பு மாதிரி ஒரு வரி எழும்பும். என் மைனி (அண்ணி) தோவாளைக்காரி, பூக்கட்டுகிற கை. இதை முதல்முறை பார்த்ததும் சிரித்துவிட்டார். "இது காம்பைச் சுத்தி கண்ணி போட்டு இழுக்கிற மாதிரிதானே பிள்ளே, பூவைத்தான் காணல" என்றார். பத்து நிமிஷத்தில் என்னைவிடச் சீரான வரி போட்டும் காட்டினார். பூ கட்டத் தெரிந்தவர்களுக்கு இந்த முடிச்சில் பாதி வேலை ஏற்கெனவே கையில் இருக்கிறது. பாசியை இருபுறமும் வரிகள் இலைபோல விரிந்து அணைத்துக்கொள்வதால், மூன்று முறைகளிலும் பார்க்க அழகு இதுதான். பாசிக்குள் ஓர் இழை போனால் போதும், முத்தும் வைக்கலாம்.

ஆனால் நான்கு நூலில் தொடங்கினால் சேர்க்கும் இடத்தில் எட்டு முனை. ஆறு என்றால் பன்னிரண்டு. எல்லாம் விரலின் அடிப்பக்கம், பேனாவும் பாத்திரமும் அழுத்துகிற இடத்தில். பட்டை மோதிரத்துக்கு முக்கால் மணி நேரம் போதும். இதற்கு ஒரு மத்தியானம் போய்விடும். இதில் 0.8 நூல் முரட்டுத்தனமாகத் தெரியும், 0.5 நைலான்தான் சரி. கண்ணாடி போட்டவர்கள் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஆயத்த வளையத்தின்மேல் நூலைப் பின்னுவது. அளவுத் தொல்லை இல்லை, உருமாறாது, முனையும் இரண்டுதான். கேட்க நன்றாக இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. வழவழப்பான உலோகத்தில் முடிச்சு பிடிமானமின்றி நகரும். பாசி மெல்ல உள்ளங்கைப் பக்கம் போய்விடும். பித்தளை வளையம் என்றால் அதிலுள்ள செம்பு வியர்வையோடு சேர்ந்து விரலில் பச்சைத் தடம் போடும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க மட்டும் இதை எடுப்பேன். டர்க்ஸ் ஹெட் என்று ஒரு பின்னல் மோதிரமும் இருக்கிறது. அதில் பாசிக்கு இடமே கிடையாது.

சரி, நூல். மெழுகு பூசிய பாலியஸ்டர்தான் என் முதல் தேர்வு. தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சாது, முடிச்சு வழுக்காது. இங்கே தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஈரம் காயாத விரலில் கிடக்கப்போகிற பொருளுக்கு இது முக்கியம். நைலான் மெல்லியதாகக் கிடைக்கும், பளபளக்கும், ஆனால் ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் நெகிழும். குளச்சலில் வலை நூல் வாங்கியும் பின்னிப் பார்த்தேன். வலைக்கு அது ராஜா. விரலில் முள்வேலி. பருத்திதான் விரலுக்கு மிருதுவானது. ஒரே வாரத்தில் மஞ்சளும் எண்ணெயும் ஏறி நிறம் மாறிவிடும். ஓணத்துக்கான பொன் ஜரிகை இழையை ஓட்டுநூலாக வைத்தால் முடிச்சுக்கு முடிச்சு உரிந்து நிற்கும். அதை உள்நூலோடு படுக்கவைத்து, இடையிடையே வெளியே எட்டிப்பார்க்க விடுவது நல்லது.

முனையை முடிக்கும் விதமும் நூலைப் பொறுத்ததுதான். பாலியஸ்டரும் நைலானும் உருகும், பருத்தி எரியும். மெழுகுவத்திச் சுடரில் காட்டினால் வெள்ளை நூலில் கரிப்புள்ளி விழும். அதனால் ஊதுபத்திக்கு மாறிவிட்டேன். ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டி, கங்கின் நுனியைத் தொட்டும் தொடாமலும் காட்டினால் முனை உருண்டு குமிழாகும். சூடாக இருக்கும்போதே கத்தரியின் தட்டையான பக்கத்தால் அழுத்திவிட வேண்டும், கைவிரலால் அல்ல.

பருத்தியில் உருக்க முடியாதே என்று ஒருநாள் உடனே ஒட்டும் பசையைத் தாராளமாக விட்டேன். பருத்தியில் பட்டால் அந்தப் பசை சூடேறும் என்பது எனக்குத் தெரியாது. நூலைப் பிடித்திருந்த விரல் சுட்டு, அந்த வாரம் முழுக்க முடிச்சே இல்லை. பாலியஸ்டரிலும் அது காய்ந்தபின் வெள்ளை பூத்து, கல்மாதிரி இறுகிக் குத்துகிறது. பருத்திக்கு ஊசியில் கோத்து உள்பக்க முடிச்சுகளுக்குள் இழுத்து வெட்டுவதே பத்திரம்.

வருகிற ஓணத்துக்கும் 0.8 மெழுகு நூலில் பட்டை மோதிரங்கள்தான் பின்னப்போகிறேன். பாசி 6 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிட்டேன், துப்பட்டாவில் மாட்டி இழுக்கும். முத்து கேட்ட இரண்டு பேரின் மோதிரங்கள் மட்டும் வரி முறை. அவை மைனியிடம் போயிருக்கின்றன.