கேட் 5இ, கேட் 6, கேட் 6ஏ: சுவருக்குள் எதைப் போடுவது?

அக்கா வீட்டின் பின்வாசலில் மாட்டிய கேமரா பகல் முழுவதும் ஒழுங்காக ஓடும்; அந்தி சாய்ந்ததும் அணைவதும் உயிர்பெறுவதுமாக இருக்கும். கேமராவை மாற்றினோம், அதற்கு இணைப்புத் தரும் நெட்வொர்க் சுவிட்சை மாற்றினோம், பயனில்லை. கடைசியில் நெட்வொர்க் கேபிளின் நுனியை உரித்து, ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டினேன். மேலே இருந்த செம்பு நிறம் போய், வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. உறையில் ‘கேட் 6’ (Cat 6) என்றுதான் அச்சிட்டிருந்தது. கேட் என்பது நெட்வொர்க் கேபிளின் தர வகை.

இருட்டினால் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியும். அது இழுக்கும் மின்சாரமும் கூடும். தரவு போகும் கேபிளிலேயே மின்சாரமும் போகிறது. செம்பு முலாம் பூசிய அலுமினியத்துக்கு, அதே தடிமனுள்ள செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மின்தடை. நீளமான ஓட்டத்தில் மின்னழுத்தம் வழியிலேயே கரைந்துவிடுகிறது, கேபிளும் சூடேறுகிறது. 100 மீட்டருக்கு ஒரு கம்பியின் மின்தடை 9.38 ஓமைத் தாண்டக் கூடாது என்பது தரவிதி. முலாம் கம்பியை அந்த விதி ஏற்பதே இல்லை. அதனால் எந்த எண்ணைப் பார்ப்பதற்கும் முன்னால், முழுச் செம்பா என்று பாருங்கள். 305 மீட்டர் பெட்டியைத் தூக்கினாலே தெரியும்: அலுமினியப் பெட்டி சந்தேகப்படும்படி இலேசாக இருக்கும்.

இனி எண்களுக்கு வருவோம். கேட் 5இ 100 மெகாஹெர்ட்ஸ் வரை சோதிக்கப்படுவது. 100 மீட்டருக்கு 1 ஜிகாபிட் வேகம் தரும். 2016இல் வந்த தரவிதிப்படி 2.5 ஜிகாபிட்டும் அதில் ஓடும். ஏற்கெனவே சுவரில் நல்ல கேட் 5இ இருந்தால் அதைப் பிடுங்கி எறிய ஒரு காரணமும் இல்லை.

புதிதாகப் போடுவதாக இருந்தால் என் தேர்வு கேட் 6. 250 மெகாஹெர்ட்ஸ், பொதுவாகச் சற்றுத் தடித்த கம்பி, இறுக்கமான முறுக்கு. பெரும்பாலானவற்றில், இரண்டிரண்டு கம்பிகளாக முறுக்கிய நான்கு இணைகளையும் பிரித்து நிறுத்தக் கூட்டல் குறி வடிவில் ஒரு பிளாஸ்டிக் தண்டும் உள்ளே ஓடும். பக்கத்து இணையின் சமிக்ஞை இதில் கசிவது குறைகிறது. 10 ஜிகாபிட் வேகத்தை 55 மீட்டர் வரை தாங்கும். பல கேபிள்கள் ஒன்றாகக் கட்டிக்கிடந்தால் அந்தத் தூரம் குறையும். ஒரு வீட்டுக்குள் 55 மீட்டர் தாராளம்.

கேட் 6ஏ 500 மெகாஹெர்ட்ஸ் கொண்டது. 10 ஜிகாபிட்டை முழு 100 மீட்டருக்கும் கொண்டுபோகும். அலுவலகத்துக்கு, மருத்துவமனைக்கு இதுதான் சரி. வீட்டில்? தடிமனும் விறைப்பும் அதிகம். குறுகிய குழாயின் வளைவில் அதை இழுத்துப் பாருங்கள், எலெக்ட்ரீசியனின் முகமே பதில் சொல்லிவிடும்.

கேட் 7 என்று விற்பதை நான் வாங்க மாட்டேன். அமெரிக்கத் தர அமைப்பான டிஐஏ அதை அங்கீகரிக்கவில்லை. அதற்கென வகுத்த இணைப்பிகளும் வேறு. கணினியில் செருகும் வழக்கமான ஆர்ஜே45 முனையை மாட்டி விற்பவர் எண்ணை மட்டும்தான் விற்கிறார். கேட் 8 தரவு மையங்களுக்கானது: 40 ஜிகாபிட், ஆனால் 30 மீட்டர்தான்.

எதை வாங்கினாலும் முனை அடிக்கும் கை சரியாக இருக்க வேண்டும். இணைகளின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. அவசரத்தில் இரண்டு அங்குலம் பிரித்து முனையடித்தால் கேட் 6ஏ என்ற பெயரால் ஒரு பயனும் இல்லை. ஒரு கம்பி சரியாகப் பதியாவிட்டால் இணைப்பு அறுந்துபோகாமல், சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடக்கூடும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகளே போதும் அல்லவா! வேலை முடிந்த அன்றே கணினியில் இணைப்பு வேகம் 1 ஜிகாபிட் என்று காட்டுகிறதா எனப் பார்த்துவிட்டு ஆளை அனுப்புங்கள்.

சுவருக்குள் ஒவ்வொரு கம்பியும் ஒற்றை இழையாக உள்ள கேபிள், மேசைக்கு ஒவ்வொரு கம்பியும் பல மெல்லிய இழைகளாக உள்ள கேபிள். முதலாவதை அடிக்கடி வளைத்தால் முறியும். குழாயில் கேபிளோடு ஒரு நைலான் கயிற்றையும் இழுத்து விட்டுவையுங்கள். நாளைக்கு ஃபைபர் வேண்டுமென்றால் சுவரை உடைக்காமல் அதில் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.