பின்சக்கரத்தில் மட்டும் பஞ்சர் ஆகாமல் இருந்தால்

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான், "நாலு வருஷமா எலெக்ட்ரிக் சைக்கிள் ஓட்டுறியே, நானும் காரை விட்டுட்டு ஒண்ணு வாங்கலாமா?" என்று. அவன் கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் பின்சக்கரம் பஞ்சராகி, 23 கிலோ வண்டியை இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்து, கையெல்லாம் கரியாக உட்கார்ந்திருந்தேன். "வாங்காதே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். பிறகு அது நியாயமில்லை என்று பட்டது, அதனால் இதை எழுதுகிறேன். கோபம் முழுக்க ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

என்னுடையது சாதாரண ரகம்தான். பின்சக்கரத்தின் நடுவில் 250 வாட் மோட்டார், 36 வோல்ட் பேட்டரி, 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் மோட்டார் ஒதுங்கிக்கொள்ளும். இதுவரை ஓடியது 9,400 கிலோமீட்டர். பஞ்சர் 11, அதில் 9 பின்சக்கரம்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆள், பை, மோட்டார் என்று எடையில் பெரும்பகுதி பின்னால்தான் இறங்குகிறது. தரையில் படுத்துக் கிடக்கும் ஆணியை முன்சக்கரம் புரட்டி நிமிர்த்திவிட்டுப் போக, பின்சக்கரம் அதன் மேல் ஏறும். முன்சக்கரம் பஞ்சரானால் பத்து நிமிடத்தில் கழற்றி ஒட்டி மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். பின்சக்கரத்தில் மோட்டாருக்குப் போகும் கம்பி இருக்கிறது. நல்ல வண்டிகளில் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே கழற்றி மாட்டுகிற இணைப்பு ஒன்று வைத்திருப்பார்கள். என்னுடையதில் அந்தக் கம்பி சட்டத்தோடு ஒட்டியபடி மேலே கன்ட்ரோலர் (மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் பெட்டி) வரைக்கும் போகிறது, வழியெல்லாம் பிளாஸ்டிக் கட்டுகள், ஒவ்வொன்றையும் வெட்ட வேண்டும். அப்புறம் ஆக்ஸில் (சக்கரத்தின் அச்சு) நட்டுகள். சாதாரண சைக்கிளுக்கு வைத்திருந்த ஸ்பேனர் பொருந்தாது, 18 மில்லிமீட்டர் வேண்டும் என்பதை நடுரோட்டில்தான் தெரிந்துகொண்டேன். நட்டுக்கு அடியில் கொக்கி மாதிரி ஒரு வாஷர் இருக்கும், மோட்டார் இழுக்கும்போது ஆக்ஸிலே சுழன்றுவிடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். அதை மாற்றிப் போட்டாலோ நட்டைச் சரியாக இறுக்காமல் விட்டாலோ ஆக்ஸில் திரும்பிக் கம்பியைப் பிய்த்துவிடும். ஒரு டியூப் ஓட்டைக்காக மோட்டாரையே பணயம் வைக்கிற வேலை இது. பஞ்சர் போடுகிறவரிடம் தள்ளிக்கொண்டு போனால், அவர் சக்கரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கரண்ட் வண்டியா? நான் தொடமாட்டேங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நாலாவது பஞ்சருக்குப் பிறகு எனக்குப் புத்தி வந்தது: சக்கரத்தைக் கழற்றவே கூடாது. வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்து, டயரின் ஒரு ஓரத்தை மட்டும் ரிம்மிலிருந்து நெம்பி, அந்த இடத்து டியூபை மட்டும் வெளியே இழுத்து ஒட்டிவிட வேண்டும். சக்கரம் அப்படியே இருக்கும், கம்பியைத் தொட வேண்டாம். ஆணி குத்திய இடத்திலேயே நின்றிருந்தால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஓட்டை வால்வின் அடியில் விழுந்தால் இந்த வித்தை பலிக்காது. இந்த முறை விழுந்தது அங்கேதான். சக்கரத்தைக் கழற்றாமல் மாட்டும்படி இரண்டு முனையும் தனித்தனியாக மூடியிருக்கிற டியூப் ஒன்று கிடைக்கிறது, அடுத்து அதைத்தான் போடப்போகிறேன். டியூபுக்குள் ஊற்றும் அடைப்பான் திரவம் முள் குத்தின ஓட்டைக்கு உதவியது, கண்ணாடிச் சில் கிழித்ததற்கு உதவவில்லை. இன்னொன்று, இரண்டு பஞ்சர் முழுக்க என் தவறுதான்: காற்று குறைவாக வைத்து ஓட்டி, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பக்கத்துக்கொன்றாக இரண்டு ஓட்டை. டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று என்று எழுதியே இருக்கிறது. வாரம் ஒரு முறை பார்த்தால் போதும், நான் பார்க்கவில்லை.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். எதிர்காற்று. சாதாரண சைக்கிள் ஓட்டினவர்களுக்குத்தான் இது புரியும். மேட்டையாவது ஏறி முடித்தால் இறக்கம் உண்டு, எதிர்காற்றுக்கு முடிவே கிடையாது, வீடு வரைக்கும் வந்து கழுத்தறுக்கும். இந்த வண்டியில் ஏறின முதல் வாரம் ஒரு நாள் காற்று பேயாக அடித்தது, நான் பாட்டுக்கு மிதித்துக்கொண்டு போகிறேன், யாரோ பின்னாலிருந்து முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. நான்கு வருடம் ஆகியும் அந்தச் சுகம் பழகிப்போகவில்லை. வேர்த்து விறுவிறுத்துப் போய் வேலைக்கு உட்கார வேண்டியதில்லை. வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றவும் வேண்டாம்.

சுற்றுச்சூழல் கணக்குக்கு வருகிறேன், நண்பன் முக்கியமாகக் கேட்டது அதைத்தான். கிலோமீட்டருக்குப் பத்து வாட்-மணி அளவு மின்சாரம் ஆகிறது. ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் நான்கு வருடத்துக்கும் 110 யூனிட் வரும். அத்தனையும் நிலக்கரியில் எடுத்த மின்சாரம் என்றே வைத்துக்கொண்டாலும், யூனிட்டுக்கு ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு என்ற கணக்கில் 110 கிலோ. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காரில் அதே தூரம் போயிருந்தால், ஒரு லிட்டர் எரிந்தால் 2.3 கிலோ என்ற கணக்கில் 1,400 கிலோவைத் தாண்டியிருக்கும். பார்க்க அழகான கணக்கு. ஆனால் நான் ஓட்டின தூரத்தில் பாதி, முன்பு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த தூரம். நான் ஏறாததால் பஸ் நின்றுவிடவில்லை, அதே பாதையில் அதே டீசலைக் குடித்துக்கொண்டு போகிறது. ஆக உண்மையான மிச்சம் அந்த அழகான கணக்கில் பாதிகூட வராது. இதே நான்கு வருடத்தில் ஒரு முறை தூர தேசத்துக்கு விமானத்தில் போய்வந்தேன், போக வர 12,000 கிலோமீட்டர். சாதாரண வகுப்பில் ஓர் ஆளின் பங்கே ஒரு டன்னை ஒட்டி வரும். மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய், கடனிலும் நிற்கிறேன். இதை நண்பனிடம் சொல்லவில்லை.

பஞ்சருக்கும் இந்தக் கணக்கில் இடம் உண்டு. பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டி வந்த ஒவ்வொரு முறையும் வண்டி சராசரியாக நான்கு நாள் படுத்தது, அந்த நான்கு நாளும் நான் பஸ்ஸுக்குத் திரும்பவில்லை, கார் சாவியைத்தான் எடுத்தேன். பஸ் பழக்கம் விட்டுப்போய்விட்டது. இந்த வண்டி எனக்குச் செய்த கெடுதல் என்றால் அதைத்தான் சொல்வேன்.

பேட்டரி பற்றிச் சுருக்கமாக. புதிதில் ஒரு முழு சார்ஜுக்கு 38 கிலோமீட்டர் வந்தது, இப்போது 27. குளிரில் இன்னும் குறையும். முழுக்கத் தீரவிடாமல், நாள்கணக்கில் முழு சார்ஜில் வைக்காமல் பார்த்துக்கொண்டால் நீடிக்கும். உள்ளே இருக்கும் செல்களில் ஒன்றிரண்டு தளர்ந்ததற்காக மொத்தப் பெட்டியையும் தூக்கிப்போடச் சொல்வதுதான் எரிச்சல். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த பேட்டரி ஒழுங்குமுறைப்படி, 2027 பிப்ரவரியிலிருந்து இந்த மாதிரி வண்டிகளின் பேட்டரியை மட்டுமல்ல, உள்ளே இருக்கும் செல்களையும் வெளி மெக்கானிக் கழற்றி மாற்ற முடிய வேண்டும். பேட்டரிக்கு யோசித்தவர்கள் பின்சக்கரக் கம்பிக்கும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

ஆக, வாங்குவதானால் மோட்டார் பெடல் பக்கம் இருக்கிற வண்டியாகப் பாருங்கள். செயினும் பல்சக்கரமும் சீக்கிரம் தேயும், ஆனால் பின்சக்கரம் சாதாரணச் சைக்கிள் சக்கரமாகவே இருக்கும், யார் வேண்டுமானாலும் பஞ்சர் போடுவார்கள். என்னுடையதைப் போன்றதை வாங்காதீர்கள் என்பதுதான் என் தீர்ப்பு, அதில் மாற்றமில்லை.

நேற்று நண்பன் மறுபடி கூப்பிட்டான். "சரி, வாங்கல. உன்னோடதை ஒரு வாரம் குடு, ஓட்டிப் பார்த்துட்டு முடிவு பண்றேன்" என்றான். ஒரு வாரமா, அதெல்லாம் முடியாது, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் அந்தப் புது டியூபை மாட்டியாக வேண்டும்.