டாங்கிளா, புளூடூத்தா? கோளாறு இருக்கும் இடமே வேறு

கம்பியில்லா மவுஸ் திக்கித் திணறி நகர்ந்தால் முதலில் பேட்டரியை மாற்றுகிறோம். அதிலும் சரியாகாவிட்டால் மவுஸையே மாற்றிவிடுகிறோம். அதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மவுஸ் யூஎஸ்பி போர்ட்டில் செருகும் சிறிய டாங்கிள் வழியாக இணைகிறதா, மடிக்கணினிக்குள் இருக்கும் புளூடூத் வழியாகவா? இரண்டும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில்தான் இயங்குகின்றன. ஆனால் பழுதாகும் விதம் வேறு. நான் பார்த்தவரை, டாங்கிள் தகராறு செய்தால் அது செருகப்பட்டிருக்கும் இடத்தைச் சந்தேகிக்க வேண்டும். புளூடூத் தகராறு செய்தால் கருவிகளின் நினைவில் இருக்கும் பதிவைச் சந்தேகிக்க வேண்டும்.

டாங்கிளின் பெரிய பலம், அது நம்மிடம் எதையும் கேட்பதில்லை. மவுஸுக்கும் அதற்குமான பிணைப்பு (பேரிங்) தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. கணினிக்கு அது சாதாரண யூஎஸ்பி கீபோர்டாகவோ மவுஸாகவோதான் தெரியும். அதனால் விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே, கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸ் திரையிலும் வேலை செய்யும். புளூடூத் கீபோர்டுகள் பெரும்பாலும் அந்த இடத்தில் கைவிட்டுவிடும்.

அதன் எதிரி பக்கத்துப் போர்ட்டிலேயே இருக்கலாம். யூஎஸ்பி 3.0 விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவை அனுப்பும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மின்காந்த இரைச்சல் கிளம்புகிறது. இன்டெல் நிறுவனம் 2012-இல் இதை விளக்கி ஓர் அறிக்கையே வெளியிட்டது. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் கோப்புகளை நகலெடுக்கும் போதெல்லாம் என் மவுஸ் தடுமாறியது. காரணம் புரியாமல் இரண்டு நாள் டிரைவரை நீக்குவதும் நிறுவுவதுமாகக் கழித்தேன். கடைசியில் ஒரு முழ நீள யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் டாங்கிளைச் செருகி மவுஸுக்கு அருகில் வைத்ததும் தடுமாற்றம் நின்றது. கேபிள் கையில் இல்லையென்றால் ஹார்ட் டிஸ்கை ஒரு பக்கமும் டாங்கிளை எதிர்ப்பக்கமும் செருகிப் பாருங்கள்.

வேகத்திலும் டாங்கிள் முந்துகிறது. விளையாட்டுக்கான மவுஸ்கள் டாங்கிள் வழியாக விநாடிக்கு 1,000 முறை தங்கள் நிலையைத் தெரிவிக்கின்றன. மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் குறைமின் புளூடூத்தில் (புளூடூத் எல்ஈ) வழக்கமான குறைந்தபட்ச இடைவெளி 7.5 மில்லிவிநாடி, அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 133 முறை. கடிதம் எழுதுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. படம் வரைகிறவருக்குத் தெரியும். டாங்கிள் தொலைந்தால் பல மவுஸ்கள் பயனற்றுப் போகும் என்பதும், போர்ட் ஒன்று பறிபோகும் என்பதும் குறைகள்தான்.

புளூடூத்துக்குப் போர்ட் தேவையில்லை. மெல்லிய மடிக்கணினிக்கு அதுவே பெரிய காரணம். பிணைக்கும்போது இரு கருவிகளும் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கித் தத்தமது நினைவில் வைத்துக்கொள்கின்றன. ஒரு பக்கத்தில் அது அழிந்தாலோ மாறினாலோ, பட்டியலில் பெயர் இருக்கும், இணைப்பு மட்டும் வராது. புளூடூத்தை அணைத்துப் போடுவதால் இது தீராது. பட்டியலிலிருந்து கருவியை முழுவதுமாக நீக்கிவிட்டு, பிணைப்பு நிலைக்குக் கொண்டுசென்று மீண்டும் சேர்க்க வேண்டும். கருவியை ஆன் செய்வது வேறு, பிணைப்பு நிலை வேறு. பலரும் இடறுவது இங்கேதான். பல கருவிகளில் அதற்கான பொத்தானை விளக்கு வேகமாகச் சிமிட்டும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரே மடிக்கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சாவிச் சிக்கல் அடிக்கடி வரும்: ஒன்றில் பிணைத்தால் மற்றொன்றில் அறுந்துபோகும்.

கணினி உறங்கி எழுந்ததும் இணைப்பு போனால், டிவைஸ் மேனேஜரில் புளூடூத் அடாப்டரின் பவர் மேனேஜ்மெண்ட் பகுதிக்குச் சென்று, மின்சேமிப்புக்காக அதை அணைக்கலாம் என்ற அனுமதியை எடுத்துவிடுங்கள். புளூடூத்தே காணாமல் போயிருந்தால், ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ஷட் டவுன் கொடுத்து முழுமையாக அணைத்துப் பாருங்கள். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது இரு வகைக்கும் நன்மை தரும்.

ஹெட்செட் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: கூட்டங்களில் பேசுகிறவர்கள் டாங்கிளோடு வரும் ஹெட்செட்டையே வாங்க வேண்டும். வழக்கமான புளூடூத்தில் ஒலியை அனுப்ப இசைக்கு ஒரு வழி, உரையாடலுக்கு இன்னொரு வழி. மைக் திறந்த கணத்தில் கணினி இரண்டாவதற்கு மாறுகிறது. பாட்டு பழைய தொலைபேசியில் கேட்பதுபோல் ஒலிக்கிறது. இது பழுதன்று, அதன் அமைப்பே அப்படி. ஹெட்செட்டை மாற்ற முடியாதவர்கள் மைக்காக மடிக்கணினியின் உள் மைக்கைத் தேர்ந்தெடுத்தால் ஒலி மீண்டும் தெளிவாகும். புளூடூத்தின் புதிய ஒலி முறையான எல்ஈ ஆடியோ இந்தக் குறையைப் போக்குகிறது; ஆனால் கணினி, ஹெட்செட் இரண்டிலும் அது இருந்தாக வேண்டும்.

மவுஸிலும் கீபோர்டிலும் இரு வழிகளையும் தருபவை இருக்கின்றன. ஒரு பொத்தானில் மாற்றிக்கொள்ளலாம். நான் அவற்றையே பரிந்துரைப்பேன். தகராறு வரும்போது மற்ற வழிக்கு மாற்றிப் பார்த்து, அதில் ஒழுங்காக ஓடினால் மவுஸ் நலமாக இருக்கிறது, தேட வேண்டியது கணினிப் பக்கத்தில் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.