வீல் ஆஃப் டைம்: 14 புக்கும் படிக்கலாமா?

ராபர்ட் ஜோர்டன் எழுதின இந்த ஃபேண்டஸி நாவல் வரிசையை தாராளமா படிக்கலாம், நடுவுல கொஞ்சம் பொறுமை வேணும் அவ்ளோதான். முதல் ஆறு புக் செம ஸ்பீடு, ஒவ்வொண்ணுக்கும் தனியா ஒரு க்ளைமாக்ஸ் இருக்கும், அதுக்கப்புறம் கேரக்டர் கூடிக்கிட்டே போய் யாரு எங்க இருக்காங்கன்னே பிடிபடாது. 8வது புக் கடைசியில, முக்கிய ஹீரோக்கள்ல ஒருத்தனான பெரினோட மனைவி ஃபெய்லை எதிரிங்க பிடிச்சிட்டுப் போறாங்க, பெரின் அவளை மீட்கிறது 11வதுலதான்! 10வது இன்னும் மோசம், 9வதோட க்ளைமாக்ஸ் நடந்த அதே நேரத்துல மத்தவங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்கன்னே பக்கம் பக்கமா ஓடுது, கதை நகரவே இல்ல. ஆனா அங்க மட்டும் நிறுத்திடாதீங்க, 11ல ஜோர்டன் பழைய வேகத்தை பிடிச்சிட்டாரு. 2007ல அவர் இறந்தப்புறம் அவரோட குறிப்புகளை வச்சு பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூணு புக் எழுதி 2013ல முடிச்சாரு, அத்தனை கிளைக்கதையையும் ஒரே போருக்குள்ள கொண்டுவந்து சேர்த்த விதம் நிஜமாவே பிரமாதம்.