புலாவ் உபின் ஓபிஎஸ் கேம்ப்: போய்ட்டு வந்தவளோட ரிவ்யூ

என் தம்பி இந்த வருஷம் செக் த்ரீ, அதாவது உயர்நிலைப்பள்ளி மூணாவது வருஷம். ஓபிஎஸ் லெட்டர் வந்ததுலேர்ந்து அம்மா கேக்குற கேள்விக்கு பதில் சொல்லி முடியல, அம்மாவோட ஃப்ரெண்ட்ஸ் க்ரூப்லயும் இதே பேச்சுதான், சாப்பாடு எப்டி, பாம்பு இருக்குமா, ஏற சொல்லி தள்ளி விடுவாங்களான்னு. நான் செக் த்ரீல போய்ட்டு வந்தவ, அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிடறேன்.

தெரியாதவங்களுக்கு: ஓபிஎஸ்னா அவுட்வர்ட் பவுண்ட் சிங்கப்பூர், வெளிப்புற சாகச பயிற்சி குடுக்கற எடம், 1967ல அப்போ அமைச்சரா இருந்த டாக்டர் கோ கெங் சுவீ ஆரம்பிச்சு வச்சது, சிங்கப்பூரோட உபின் தீவுல இருக்கு. கல்வி அமைச்சு ப்ரோக்ராம்னா அஞ்சு நாள், தேதிய ஸ்கூல்தான் முடிவு பண்ணும். ஃபோன் கெடையாது. அப்புறம் முக்கியமா, உங்க க்ளாஸ் மொத்தமும் ஒண்ணா இருக்க மாட்டீங்க, வேற ஸ்கூல் பசங்களோட கலந்து க்ரூப் பிரிப்பாங்க, அத வாட்ச்னு சொல்லுவாங்க. என் பெஸ்ட் ஃப்ரெண்ட் வேற வாட்ச். என் க்ளாஸ்லேர்ந்து என்கூட வந்தது அதுவரைக்கும் சரியா பேசிக்கூட பாக்காத ரெண்டு மூணு பேரு.

இப்ப பயத்துக்கு வரேன். எனக்கு உயரம்னா சுத்தமா ஆகாது. அதுக்கு காரணமே ப்ரைமரி ஸ்கூல்ல போன வேற ஒரு கேம்ப்தான், பேரு வேணாம், அங்க ஃப்ளையிங் ஃபாக்ஸ்னு உயரத்துலேர்ந்து கம்பியில தொங்கி சறுக்கற விளையாட்டுல மேல நான் நின்னு அழுதப்ப ஒன் டூ த்ரீ எண்ணி பின்னாடிலேர்ந்து தள்ளி விட்டாங்க, கீழ எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் ஓவர்ஹெட் ப்ரிட்ஜ்ல நடக்கறப்பகூட ஓரத்துக்கு போக மாட்டேன்.

ஓபிஎஸ்ல கயிறு கட்டிட்டு உயரமா ஏறற நடவடிக்கை உண்டு. ஏறறதுக்கு முன்னாடி இன்ஸ்ட்ரக்டர் ஒவ்வொருத்தரையா கேட்டாரு, நீ எது வரைக்கும் போகப்போற, நீயே சொல்லுன்னு. நான் பாதின்னு சொன்னேன். யாரும் ஒண்ணும் சொல்லல. ஏறுனேன், பாதிக்கு கொஞ்சம் கீழயே கால் நடுங்க ஆரம்பிச்சிருச்சு, கை வேர்த்து வழுக்குது, கீழேர்ந்து எல்லாரும் "யூ கேன் டூ இட், யூ கேன் டூ இட்"னு கத்துறாங்க, கத்த கத்த எனக்கு இன்னும் மோசமாகுது, ஏன்னா இப்ப எறங்கினா அவங்க எல்லாரையும் ஏமாத்தின மாதிரி ஆயிடும்ல. அப்ப இன்ஸ்ட்ரக்டர் கைய காட்டி எல்லாரையும் அமைதியா இருக்க சொல்லிட்டாரு. கீழ நின்னு என் பாதுகாப்பு கயிற புடிச்சிருந்த வேற ஸ்கூல் பையன் மட்டும் சாதாரணமா சொன்னான், "கயிறு டைட்டா இருக்கு, எறங்கணும்னா சொல்லு, எறக்கிடறேன்". அவ்வளவுதான். எறங்கலாம்னு தெரிஞ்ச உடனேதான் எனக்கு மூச்சே வந்துச்சு, மெதுவா நான் சொன்ன பாதிய தொட்டேன், அதுக்கு மேல ரெண்டு படியும் போனேன். உச்சி வரைக்கும் போகல. போகலயேன்னு அன்னைக்கும் தோணல, இன்னைக்கும் தோணல.

அதே பையனுக்கு தண்ணின்னா பயம். படகுத்துறையிலேர்ந்து கடல்ல குதிக்கற ஜெட்டி ஜம்ப்ல லைஃப் ஜாக்கெட் எல்லாம் மாட்டிட்டு வந்து விளிம்புல நின்னான், அப்படியே நிக்கறான். எனக்கு நீச்சல் தெரியும், இது ஒரு உயரமான்னு இருந்துச்சு, ஆனா அவன் மூஞ்சிய பாத்ததும் கயித்துல தொங்குன என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு. இந்த தடவ யாரும் சொல்லாமயே நாங்க யாருமே கத்தல. அவன் குதிக்கல, படி வழியா தண்ணில எறங்கி எங்ககூட மிதந்தான். அதையும் நாங்க எல்லாரும் கை தட்டிதான் ஏத்துக்கிட்டோம், மனசாரதான்.

இந்த எடத்த நான் நல்ல எடம்னு சொல்றதுக்கு காரணமே இதுதான், பயப்படறவங்கள எப்படி நடத்தணும்னு கூட இருக்கற பதினஞ்சு வயசு பசங்களுக்கு கத்துக்குடுத்துட்டாங்க. எங்க க்ளாஸ்ல எப்பவும் சத்தமா பேசற பொண்ணு ஒருத்தி, பாஷா (தார்ப்பாய் கூடாரம்) கட்டி காட்டுல தூங்கின ராத்திரி இருட்டுக்கு பயந்து என் கைய புடிச்சிட்டே தூங்கினா. இத எழுதலாமான்னு அவகிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன். க்ளாஸ்ரூம்ல வருஷக்கணக்கா ஒண்ணா உக்காந்தாலும் இது நடந்திருக்காது.

அவுட்வர்ட் பவுண்டே ஆரம்பிச்ச கதை இப்படித்தான் போல. 1941ல, போர் நேரம், வேல்ஸ்ல அபர்டோவி. கப்பல் மூழ்கி லைஃப்போட்ல தவிக்கறப்ப வயசான மாலுமிங்களவிட இளசுங்கதான் சீக்கிரம் தளர்ந்து போறாங்கன்னு ப்ளூ ஃபனல் கப்பல் கம்பெனி லாரன்ஸ் ஹோல்ட்டுக்கு கவலை, அதனால இளசுங்களுக்கு மன உறுதிய கத்துக்குடுக்க அவரும் கர்ட் ஹான்ங்கற டீச்சரும் சேர்ந்து ஆரம்பிச்சாங்க. அந்த ப்ளூ ஃபனல் கப்பலுங்க சிங்கப்பூருக்கும் வந்து போனதுதான்.

அப்பா அம்மாங்க கேக்க தயங்கற விஷயம், 2021 பிப்ரவரில வேற ஒரு எடத்துல உயர கயிறு நடவடிக்கையில ஒரு ஸ்கூல் பையன் இறந்துட்டாரு, அதுக்கப்புறம் ஸ்கூல்களோட உயர நடவடிக்கை எல்லாத்தையும் கல்வி அமைச்சு நிறுத்தி வச்சாங்க. அத நெனச்சு பயப்படறது தப்பே இல்ல. ஸ்கூல் ப்ரீஃபிங்குக்கு போங்க, ஹார்னஸ (ஏறறப்ப உடம்புல மாட்டற பாதுகாப்பு பெல்ட்) யாரு செக் பண்றாங்க, எத்தன தடவ பண்றாங்கன்னு நேராவே கேளுங்க. மெடிக்கல் ஃபார்ம்ல வீசிங் இருந்தா இருக்குன்னு எழுதுங்க ப்ளீஸ், புள்ளைய சேத்துக்க மாட்டாங்களோன்னு மறைக்காதீங்க.

மத்தபடி: கொசுவும் மணல் ஈயும் உண்டு, மருந்து கட்டாயம். காட்டுப்பன்னி கண்ல படும், சாப்பாட்ட வெளிய வைக்காதீங்க. மழையும் இடியும் எப்ப வேணா வரும், கேட் ஒன் (மின்னல் எச்சரிக்கை) ஆனா கயாக் நிறுத்தி கரையில காத்திருக்கணும், அதனால ஜிப் பையில ஒரு செட் காஞ்ச துணி தனியா. நீள முடி இருக்கறவங்க இறுக்கமா ஜடை போட்டு உள்ள மடிச்சு கட்டுங்க, கயித்துல முடி சிக்கினா ஆபத்து. செயின் கம்மல் வீட்டுலயே இருக்கட்டும். வெஜிடேரியன்னா ஃபார்ம்லயே எழுதுங்க. பீரியட்ஸ் வந்தா தயங்காம இன்ஸ்ட்ரக்டர்கிட்ட சொல்லுங்க.

மார்க்: ஓபிஎஸ்க்கு 5க்கு 5. திரும்பி வந்த அடுத்த வாரமே ஸ்கூல்ல டபிள்யூஏ (மார்க்குக்கு எடுத்துக்கற டெஸ்ட்) வச்சு, கேம்ப பத்தி ஒரு பீரியட் உக்காந்து பேசக்கூட விடல பாருங்க, அதுக்கு ஸ்கூல்களுக்கு மார்க் குறைக்கணும். டீச்சருங்க யாராவது படிச்சா அந்த ஒரு பீரியட் மட்டும் குடுங்க.