ஹீப்பை எந்த முகவரியில் வைப்பது? மூன்று இயங்குதளங்களில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஹீப்பை (நிரல் ஓடும்போது தரவுகளை வைக்கும் மெமரிப் பகுதி) அப்படியே கோப்பாகச் சேமித்து, அடுத்த முறை அதிலிருந்தே எழும்புகிற ரன்டைம்களுக்கு (ஒரு மொழியின் நிரல்களை ஓட்டும் அடித்தளம்) ஹீப்பின் தொடக்க முகவரி தலைபோகிற விஷயம். கோப்புக்குள் இருக்கும் பொயின்டர்கள், அதாவது தரவு இருக்கும் முகவரியைச் சுட்டும் எண்கள், எல்லாம் பழைய முகவரியைத்தான் காட்டும். லினக்ஸ், விண்டோஸ், மெக்ஓஎஸ் மூன்றிலும் தாக்குப்பிடித்த ஒழுங்கு ஒன்றுதான்: விருப்பமான முகவரியைக் கேளுங்கள், கிடைத்தது அதுதானா என்று ஒப்பிடுங்கள், இல்லையென்றால் பொயின்டர்களைத் திருத்திக்கொண்டு கிடைத்த இடத்தில் ஏற்றுங்கள். திருத்தும் பகுதியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட வேண்டாம். கொழும்பில் ஒரு சிறு குழுவை எடுத்தாலே, யுனிட்டி பிளாசாவில் வாங்கிய 8 ஜிபி விண்டோஸ் மடிக்கணினி, ஒன்றிரண்டு மெக்புக், கிளவுட்டில் லினக்ஸ் சேர்வர் என்று கலந்துதான் கிடக்கும்.

எப்படியும் திருத்த வேண்டும் என்றால் விருப்ப முகவரி எதற்கு? அது கிடைக்கிற நாளில் ஏற்றும் வேலை மிச்சம். பிழை தேடும் கருவியான டிபக்கரில் முகவரி இலக்கத்தைக் கண்டதுமே இது ஹீப் என்று பிடிபடும். லிஸ்ப் மொழியின் எஸ்பிசிஎல் 64-பிட் இன்டெல் லினக்ஸில் 64 ஜிபி முகவரியில் (பூச்சியத்திலிருந்து அத்தனை பைட் தள்ளி) தொடங்குகிறது. கோ மொழி 768 ஜிபியில் தொடங்குகிறது.

4 ஜிபிக்குக் கீழே வைத்தால் பொயின்டரை 32 பிட்டில் அடக்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அது மூன்று தளங்களுக்கும் பொதுவாக நிலைக்காது. மெக்ஓஎஸ் 64-பிட் நிரல்களில் முதல் 4 ஜிபி வழமையாகப் பூட்டப்பட்டிருக்கும், அப்பிளின் சொந்தச் சிப்பான அப்பிள் சிலிக்கனில் அதைக் குறைக்கவும் முடியாது. விண்டோஸில் 2 ஜிபி எல்லைக்கு 128 கேபி முன்னால் இயங்குதளத்தின் மையமான கேர்னல் பகிரும் மெமரிப் பக்கம் ஒன்று எப்போதும் குந்தியிருக்கும், ஆகவே அந்த எல்லையைத் தாண்டி ஒரே துண்டாக இடம் பிடிக்க வழியில்லை. சிறிய பொயின்டர்தான் வேண்டுமென்றால் ஜாவா செய்வதுபோல் 8 பைட்டுக்கு ஒன்றாக எண்ணி, 32 ஜிபி வரை 32 பிட்டில் அடக்குவது மேல்.

லினக்ஸில் பயப்பட வேண்டியது மேப்_ஃபிக்ஸ்ட், அதாவது மெமரி கேட்கும் எம்மேப் அழைப்பில் இதே முகவரிதான் வேண்டும் என்று சொல்லும் கொடி. கேட்ட இடத்தில் ஒரு லைப்ரரி இருந்தாலும் சத்தமில்லாமல் அதை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். நிரல் விழுவதோ வேறெங்கோ, வெகுநேரம் கழித்து. 2018இல் வந்த 4.17 கேர்னலில் இருந்து மேப்_ஃபிக்ஸ்ட்_நோரீப்ளேஸ் உண்டு. இடம் எடுபட்டிருந்தால் பிழை தரும். பழைய கேர்னல் இந்தக் கொடியை அறியாது, வேறு முகவரியைத் தந்துவிட்டுப் பேசாமல் இருக்கும். ஆகவே திரும்பி வந்த முகவரியை ஒப்பிடும் அந்த ஒரு வரியை எக்காரணம் கொண்டும் நீக்காதீர்கள்.

அடுத்த சிக்கல் சோதனைக் கருவிகள். மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் இன்டெல் லினக்ஸில் ஏறக்குறைய 2 ஜிபியிலிருந்து 16 டிபி (டெராபைட்) வரை தன் நிழலுக்கும் (மெமரியின் நிலையைக் குறித்துவைக்கும் பகுதி) யாரும் தொடக்கூடாத இடைவெளிக்கும் பிடித்துக்கொள்கிறது. 64 ஜிபி அந்த இடைவெளிக்குள்தான் விழுகிறது. சானிடைசருடன் தொகுத்த அந்தப் பில்டுக்கு மட்டும் 32 டிபியை விருப்ப முகவரியாகக் கொடுத்தால் போதும். ஸ்டாக்கின் (செயற்கூறு அழைப்புகளுக்கான மெமரி) அளவு எல்லையை எடுத்துவிட்டால் லைப்ரரிகள் கீழிருந்து மேலாக அடுக்கப்படும். அதுவும் 42 டிபிக்கு மேல்தான் தொடங்கும், 32 டிபியைத் தொடாது. த்ரெட்களின் மோதலைப் பிடிக்கும் த்ரெட் சானிடைசரின் கதை இன்னொரு பாடம். எம்மேப் தரும் முகவரிகளைத் தற்செயலாக மாற்றும் குலுக்கலை 28 பிட்டிலிருந்து 32க்கு உயர்த்திய உபுண்டு கேர்னல்களில் அதன் பழைய பதிப்புகள் எதிர்பாராத மெமரி மேப்பிங் என்று சொல்லி எழும்பவே மறுத்தன. கேர்னலின் ஒரு எண் மாறியது, முகவரிகளை முன்கூட்டியே நிலையாக வகுத்த அதன் அட்டவணை அங்கேயே உடைந்தது.

8 ஜிபி மெமரி உள்ள கணினியில் 64 ஜிபி அளவுள்ள இடம் கேட்பதா என்று தயங்க வேண்டாம். ஒதுக்குவது காணிக்கு வேலி அடைப்பது மாதிரி, வீடு கட்டும்போதுதான் காசு. லினக்ஸில் அனுமதி எதுவும் இல்லாத பக்கங்களாக ஒதுக்கினால் கணக்கில் சேராது. ஆனால் முகவரி இடத்துக்கு உச்ச அளவு வைக்கும் யூலிமிட் -வி போட்டிருந்தால் வேலியும் எண்ணப்படும். பிறகு அனுமதியைத் துண்டு துண்டாக மாற்றினால் தனித்தனி மெமரித் துண்டுகளின் (மேப்பிங்) எண்ணிக்கை வழமையான 65530 எல்லையை முட்டி, மெமரி நிறைய இருக்கும்போதே மெமரி போதாது என்ற பிழை வரும். தொடர்ச்சியான பெரிய துண்டுகளாகத் திறப்பதே மருந்து.

விண்டோஸ் இதில் கறார். அதன் மெமரி கேட்கும் அழைப்பான விர்ச்சுவல்அலொக்கில் ரிசேவ் (முகவரியை மட்டும் ஒதுக்குவது) இலவசம். கொமிட் செய்த (உண்மையில் பயன்படுத்தத் திறந்த) கணமே ராமும் பேஜ்ஃபைலும் சேர்ந்த எல்லையில் கழிபடும், 64 ஜிபியை ஒரேயடியாகக் கொமிட் செய்தால் பிழை 1455. இடம் எடுபட்டிருந்தால் 487. எதையும் அழிக்காது என்பதால் இந்த விஷயத்தில் லினக்ஸைவிட நிம்மதி. ஒதுக்கிய துண்டின் ஒரு பகுதியை மட்டும் விடுவிக்க முடியாது. தொடக்க முகவரி குறித்த அளவின் மடங்காக அமையப் பெரிதாக ஒதுக்கி ஓரங்களை வெட்டும் லினக்ஸ் பழக்கம் இங்கே செல்லாது. விண்டோஸ் 8 வரை பயனர் எல்லை 8 டிபிதான் என்பதால் 32 டிபி முகவரியை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

அப்பிள் சிலிக்கனில் 4 ஜிபியில் நிரலும் 6 ஜிபியில் சிஸ்டம் லைப்ரரிகளின் பொதுத் தொகுதியும் தொடங்குகின்றன. விருப்ப முகவரியை அதற்கு நன்றாக மேலே வையுங்கள். ஓடும்போதே உருவாக்கும் கோட்டுக்கான மேப்_ஜிட் கொடியும் மேப்_ஃபிக்ஸ்டும் சேராது. கோட் பகுதியை நினைத்த முகவரியில் வற்புறுத்தி வைக்க முடியாததால், அது எங்கே விழுந்தாலும் ஓடும்படி எழுதியாக வேண்டும். ஆம் (ARM) சிப்பின் நேரடி அழைப்பு 128 எம்பி தூரம்தான் எட்டும் (இன்டெலில் 2 ஜிபி). கோட் அதற்கு மேல் வளர்ந்தால் இடையில் தாவுபடிகள் வேண்டும்.

ஆம் சிப்பில் ஓடும் லினக்ஸில் 39 பிட் முகவரி கொண்ட கேர்னல்கள் உண்டு, அவற்றில் மொத்தமே 512 ஜிபி. கோ அங்கே 256 ஜிபிக்கு இறங்கியது இதனால்தான். பக்க அளவும் 4, 16, 64 கேபி என்று மாறும். கோப்பின் பகுதிகளை 64 கேபி மடங்குகளில் தொடங்கும்படி ஒழுங்குபடுத்தினால், ஒதுக்கீடு 64 கேபி மடங்கில்தான் தொடங்கலாம் என்ற விண்டோஸின் நிபந்தனையும் சேர்ந்து தீர்ந்துவிடும்.

ஒவ்வொரு பில்டிலும் விருப்ப முகவரியை வேண்டுமென்றே முன்கூட்டி அடைத்துவிட்டு ஒரு முறை ஓட்டுங்கள். திருத்தும் பகுதி உயிரோடு இருக்கிறதா என்று அறிய வேறு வழி இல்லை. ஸ்டாக் எல்லை இல்லாமல் ஒரு முறை, குலுக்கலை 32 பிட்டில் வைத்து ஒரு முறை, 16 கேபி பக்கம் கொண்ட கணினியில் ஒரு முறை.