சமையலறை எடை மிஷின்: எண்ணெய் பாட்டிலை நிறுத்துப் பார்க்கவே ஒன்று வாங்கலாம்

உடம்பைக் குறைக்க முடிவெடுத்த வீட்டில் முதலில் வந்து சேர்வது ஏறி நிற்கும் எடை மிஷின். அது விளைவைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. முந்தின நாள் உப்பு கூடியிருந்தாலோ, மலம் சரியாகப் போகாமல் இருந்தாலோ மறுநாள் காலை ஒரு கிலோ ஏற்றிக் காட்டிவிடும். எதை மாற்ற வேண்டும் என்பது அடுப்பு மேடையில்தான் இருக்கிறது. அதனால் இங்கே பேசப்போவது அடுப்பு மேடையில் வைக்கிற சின்ன டிஜிட்டல் தராசைப் பற்றி. வெள்ளை பிளாஸ்டிக் உடல், நடுவில் வட்டத் தட்டு, 10 கிலோ வரை ஒரு கிராம் துல்லியம், இரண்டு ஏஏ பென்சில் பேட்டரி. எஸ்எஃப்-400 என்ற மாடல் எண்ணோடு பல பெயர்களில் விற்கிறது. பெரும்பாலும் ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடும்.

இந்தத் தராசு காசுக்கு மேல் உழைக்கும் இடம் ஒன்று உண்டு. அது எண்ணெய். செய்முறை இதுதான்: எண்ணெய் பாட்டிலைத் தட்டின் மேல் வைத்து 'டேர்' பொத்தானை அழுத்துங்கள், திரையில் பூஜ்யம் வரும். பாட்டிலை எடுத்து வழக்கம்போல் வாணலியில் ஊற்றுங்கள். தாளிப்பு முடியும்வரை காத்திருக்காமல் உடனே பாட்டிலைத் திரும்ப வையுங்கள். திரையில் -23 என்று வந்தால் ஊற்றியது 23 கிராம். கரண்டி வேண்டாம், கணக்கு வேண்டாம், பாத்திரம் அழுக்காகாது.

கரண்டியால் அளந்தால் ஏன் சரிவராது? நம் வீடுகளில் 'ஒரு ஸ்பூன்' என்பது ஒரே அளவு இல்லை. டீ ஸ்பூன், சாப்பாட்டு ஸ்பூன், எண்ணெய்த் தூக்கில் கிடக்கும் குட்டிக் கரண்டி, எல்லாமே ஸ்பூன்தான். எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கிலோகலோரி. பத்து கிராம் தவறினால் 90 கிலோகலோரி தவறுகிறது, அதுவும் ஒரு வேளைக்கு. தோசைக்குச் சுற்றிலும் விடும் எண்ணெய் ஒன்றுக்கு 5 கிராம் என்றால் நாலு தோசைக்கு 20 கிராம், அதாவது 180 கிலோகலோரி. மாவில் கை வைக்காமலே குறைக்கக்கூடிய இடம் இது.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளுக்கு 2000 கிலோகலோரி சாப்பிடுகிறவருக்குத் தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம், எண்ணெய் உள்ளிட்ட கொழுப்பு 27 கிராம் என்று வைத்திருக்கிறது. அந்த 27 கிராமை மாதக் கணக்காக்கினால் ஒருவருக்கு 810 கிராம். ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட்டின் எடை ஏறக்குறைய 910 கிராம் என்பதால், நெய்யே வாங்காத வீடானாலும் நாலு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர்தான் எல்லை. மளிகைச் சீட்டில் அஞ்சு லிட்டர் என்று எழுதிவிட்டு டயட் சார்ட்டைத் திருத்திக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

பலகாரம் சுடும் நாளிலும் இதே வழிதான். அடுப்பேற்றும் முன் வாணலியை எண்ணெயோடு நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். சுட்டு முடித்து நன்றாக ஆறிய பிறகு மறுபடி நிறுங்கள். இருபது வடைக்கு 160 கிராம் குறைந்திருந்தால் வடைக்கு 8 கிராம். தெறித்ததும் இதில் சேரும், ஆனால் அது கொஞ்சம்தான். எண்ணெய் சூடேறாமல் மாவைப் போட்ட ஈடும், மாவில் தண்ணீர் கூடிப்போன ஈடும் எவ்வளவு குடித்திருக்கிறது என்பது இப்படிப் பார்த்தால்தான் பிடிபடும்.

அடுத்தது சோறு. பலர் இடறுவது இங்கேதான். கலோரி கணக்கிடும் செயலியில் 'அரிசி 100 கிராம்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, தட்டில் இருக்கும் 100 கிராம் சோற்றை அதற்கு ஈடாக எழுதிவிடுகிறார்கள். அரிசி 100 கிராமுக்குச் சுமார் 350 கிலோகலோரி. வெந்த சோற்றில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அதே எடைக்கு மூன்றில் ஒரு பங்குதான் வரும். உங்கள் வீட்டு அரிசிக்கு, உங்கள் வீட்டுத் தண்ணீர் அளவுக்கு, ஒரே ஒரு முறை இதைச் செய்து வையுங்கள்: காலிப் பாத்திரத்தின் எடை, அரிசியின் எடை, வெந்தபின் பாத்திரத்தோடு எடை. அரிசி 400 கிராம், சோறு மட்டும் 1160 கிராம் என்றால் விகிதம் 2.9. தட்டில் 250 கிராம் சோறு வைத்தால் அது 86 கிராம் அரிசி, சுமார் 300 கிலோகலோரி. விகிதத்தை ஒரு சீட்டில் எழுதி அரிசி டப்பா மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அரிசி மாறினால், புதுசு பழசு மாறினால், குக்கரை விட்டு வடிக்க ஆரம்பித்தால், திரும்ப ஒரு முறை நிறுத்தால் போதும்.

தேங்காயை மறந்துவிடாதீர்கள். துருவல் 100 கிராம் 350 கிலோகலோரிக்குக் குறையாது. சட்னிக்கு அரைமூடி துருவும்போது ஓட்டோடு முதலில் நிறுத்து, துருவியபின் ஓட்டை நிறுத்தால் போனது எவ்வளவு என்று தெரியும். வறுத்த நிலக்கடலை கைப்பிடி 30 கிராம் என்றால் 160 கிலோகலோரிக்கு மேல். அது நல்ல உணவுதான். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தின்பதுதான் தப்பு. கீரை, பூசணி, வெள்ளரி, புடலங்காய் இவற்றையெல்லாம் நிறுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இனி மிஷினின் குறைகள்.

முதல் குறை திரையின் இடம். தட்டுக்குக் கீழே முன்பக்கமாக இருப்பதால் அகலமான பாத்திரம் வைத்தால் எண் மறைந்துவிடும். ஒரு டபராவைக் கவிழ்த்து வைத்து, டேர் அழுத்தி, அதன் மேல் பாத்திரத்தை வைத்தால் திரை தெரியும். குக்கரைச் சூடாக நேரே வைக்கக்கூடாது. பிளாஸ்டிக் இளகும், உள்ளே எடையை அளக்கும் உணரியும் (சென்சார்) சூட்டில் அளவு தடுமாறும். பிரிமணையையோ மரப்பலகையையோ முதலில் வைத்து டேர் அழுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சிறு அளவுகளில் இது நம்பத் தக்கதல்ல. ஒரு கிராம் காட்டும் என்பதால் ஒரு கிராமைச் சரியாகக் காட்டும் என்று பொருள் இல்லை. 5 கிராமுக்குக் கீழே தள்ளாட்டம் அதிகம். அதோடு இப்படிப்பட்ட தராசுகளில் பூஜ்யத்தைத் தானாகத் திருத்திக்கொள்ளும் வேலை ஒன்று உள்ளே நடக்கும். சர்க்கரையை மெதுவாகத் தூவினால் அந்த மெல்லிய மாற்றத்தைத் தடுமாற்றம் என்று எண்ணி அழித்துவிடும், எண் நகரவே நகராது. தூவாமல் ஒரே போடாகக் கொட்டுங்கள், அல்லது எண்ணெய்க்குச் சொன்னபடி டப்பாவை நிறுத்து எடுத்துக் குறைந்ததைப் பாருங்கள். உப்பை வேளைக்கு வேளை நிறுக்க முயலவே வேண்டாம். ஒருவருக்கு நாளுக்கு 5 கிராம்தான் எல்லை; ஊறுகாய், அப்பளம், கடைப் பண்டத்தில் இருப்பதும் அதற்குள் அடக்கம். நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாளுக்கு முன்னால் காலியானால் கை கூடியிருக்கிறது.

மூன்றாவது எரிச்சலூட்டுவது: இரண்டொரு நிமிடம் தொடாமல் விட்டால் தானே அணைந்து, டேர் அழுத்தி வைத்த பூஜ்யமும் போய்விடும். காலிப் பாத்திரங்களின் எடையை அடியில் பெர்மனென்ட் மார்க்கரால் எழுதி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

'எம்எல்' என்ற அளவு வந்தால் நம்ப வேண்டாம். அது தண்ணீர்க் கணக்கு. 100 மில்லி எண்ணெயை வைத்தால் 91 என்றுதான் காட்டும். கிராமிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கும்போதே இரண்டு சோதனை செய்யலாம். தண்ணீர் நிரம்பிய டம்ளரை நடுவிலும் நாலு ஓரத்திலும் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று கிராமுக்கு மேல் மாறினால் வேறு எடுத்துத் தரச் சொல்லுங்கள். 2011-க்கும் 2018-க்கும் இடையில் வந்த ஐந்து ரூபாய் நாணயம் 6 கிராம். பத்து நாணயம் 60 காட்ட வேண்டும், ஒரு கிராம் முன்பின் பரவாயில்லை. 2019 முதல் வந்ததும் பழைய தடி நாணயமும் எடை வேறு, கலந்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்தபின் பிரிக்காத அரை லிட்டர் பால் பாக்கெட்டை வையுங்கள்: பால் தண்ணீரைவிட அடர்த்தி கூடியது என்பதால், உறையும் சேர்ந்து 515 கிராமை ஒட்டி வரும். கிரானைட் மேடையில் நேராக வைக்க வேண்டும். அடியில் துணியோ பேப்பரோ விரித்தால் அளவு மாறும். அதே மேடையில் மிக்ஸி ஓடும்போது எண் ஆடிக்கொண்டே இருக்கும்.

ப்ளூடூத், செயலி, ஊட்டச்சத்துக் கணக்கு என்று கூடுதல் விலைக்கு வரும் கண்ணாடித் தராசுகள் இந்த வேலைக்குத் தேவையில்லை. நிறுப்பது அதேபோன்ற உணரிதான். செயலியில் வத்தக்குழம்பைத் தேடினால் வருவது வேறு யாரோ வைத்த குழம்பின் கணக்கு. ஸ்பிரிங் வைத்த முள் தராசு இன்னும் வேண்டாம். எண்ணெய் அளவில் அதன் முள் அசையாது.

மூன்று வாரம் எல்லா வேளையும் நிறுங்கள். அதற்குள் 15 கிராம் எண்ணெய் வாணலியில் எவ்வளவு பரவும், 200 கிராம் சோறு தட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது கண்ணுக்குப் பழகிவிடும். பிறகு வாரம் ஒரு நாள் போதும், கை மெல்ல மெல்லக் கூடியிருக்கிறதா என்று பார்க்க. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையை இறக்கும் மாத்திரை எடுப்பவர்களும் சோற்றைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் மருந்தளவைப் பேசிவிட வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். சாப்பாட்டைப் பற்றிய பயத்தில் அவதிப்பட்டவர்கள், வளரும் பிள்ளைகள் இவர்கள் தட்டுக்குப் பக்கத்தில் இந்தத் தராசைக் கொண்டுபோக வேண்டாம்.

வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, புத்தகம்போல் சாய்த்து நிறுத்தி வையுங்கள். குழாயடியில் கழுவினால் பொத்தான் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கும். மேலே பாத்திரம் அடுக்கினால் உள்ளே இருக்கும் உலோகக் கம்பி வளைந்துவிடும். அதன்பின் எந்தப் பேட்டரி மாற்றினாலும் அளவு திரும்பாது.